இலந்தை மரத்தில் தொங்கும் பட்டு



பொன்னேரி, கும்மிடிப்பூண்டி, ஊத்துக்கோட்டைப் பக்கத்தில் வரப்போரத்து இலந்தை மரத்துக்கு யாரும் கணக்கு வைத்துக் கொள்வதில்லை. பழம் பிள்ளைகளுக்கு, முள் வேலிக்கு, மிச்சம் அடுப்புக்கு. அந்த மரத்தில் கோடைகாலத்தில், இலை கொட்டிப்போய்க் கிளையெல்லாம் வெறுமையாக நிற்கிற நேரத்தில், ஒரு சாமானைப் பார்க்கலாம். புறா முட்டை அளவு. சாம்பல் நிறம், இல்லாவிட்டால் மங்கின மஞ்சள் நிறம். கிளையிலிருந்து 2 அங்குல நீளத்துக்கு ஒரு காம்பு, அந்தக் காம்பின் நுனியில் காய் மாதிரி தொங்கும். தட்டிப் பார்த்தால் கொட்டை மாதிரி கெட்டியாக இருக்கும். 'இலந்தைக்கு இப்படி ஒரு காய் உண்டா?' என்று கேட்கத் தோன்றும்.

அது காய் இல்லீங்க. பட்டுக்கூடு. காட்டுப்பட்டு. வடக்கே இதை டசர் என்கிறார்கள். இந்தக் கூட்டுக்குள் ஒரு ஜீவன் மாதக்கணக்கில் தூங்கிக் கொண்டிருக்கிறது. நாமோ அந்தக் கிளையை வெட்டி வேலியில் அடைக்கிறோம், இல்லாவிட்டால் முள்ளோடு முள்ளாகக் கொளுத்துகிறோம். இந்தப் பூச்சி யார், எப்படிப் பிறந்து எப்படி வளர்கிறது, நம் பயிருக்குப் பகையா இல்லையா, இதனால் நமக்குக் காசு வருமா என்பதைத்தான் இன்றைக்குப் பார்க்கப் போகிறோம்.

முதலில் பேரில் உள்ள குழப்பத்தைத் தீர்த்துக் கொள்வோம். மழை பெய்த மறுநாள் செம்மண் தரையில் சிவப்பு வெல்வெட்டுத் துணி மாதிரி ஊர்ந்து போகுமே, பிள்ளைகள் தீப்பெட்டியில் பிடித்து வைப்பார்களே, அதையும் நம் ஊர்களில் பட்டுப்பூச்சி என்றுதான் சொல்வார்கள். அதற்கும் பட்டு நூலுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அதற்கு எட்டுக் கால். சிலந்தி, உண்ணி வகையறாவைச் சேர்ந்தது. அடுத்தது, மல்பெரி இலை தின்னும் வீட்டுப் பட்டுப்பூச்சி. காஞ்சிபுரத்துச் சேலைக்கு நூல் கொடுப்பது அதுதான். ஆயிரக்கணக்கான வருஷம் மனுஷன் தட்டில் வைத்து வளர்த்து வளர்த்து, அதற்குப் பறக்கவே தெரியாமல் போய்விட்டது. மாட்டுக்கொட்டகையில் கட்டின பசு மாதிரி.

நாம் பேசுகிற டசர் பூச்சி காட்டு மாடு. அதற்கு யாரும் இலை பறித்துப் போடுவதில்லை, தானே மரம் தேடிப் பிழைத்துக் கொள்ளும். 1758-ம் வருஷம் சுவீடன் தேசத்து லின்னேயஸ் என்ற விஞ்ஞானி இதற்கு 'பாபியா' என்று பெயர் வைத்தார். 1773-ல் டுரூரி என்ற ஆங்கிலேயர் 'மைலிட்டா' என்று இன்னொரு பெயர் வைத்தார். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இருப்பது பாபியா, மத்திய இந்தியக் காடுகளில் இருப்பது மைலிட்டா என்று பொதுவாகச் சொல்வார்கள். இரண்டும் ஒன்றுதான் என்று வாதாடுகிறவர்களும் உண்டு. அந்தச் சண்டை அவர்களோடு இருக்கட்டும். வயலில் நிற்கிற நமக்கு இரண்டுக்கும் அடையாளம் ஏறக்குறைய ஒன்றுதான்.

எந்த மரத்தில் தேடுவது? இலந்தையைச் சொன்னேன். நாவல் மரம், ஆற்றங்கரை நீர்மருது, கருமருது, பூமருது, வீட்டு வாசலில் நிழலுக்கு வைக்கிறோமே அந்த நாட்டு வாதுமை என்கிற பாதாம் மரம், களாக்காய்ப் புதர், இவையெல்லாம் இதற்குத் தீனி. நாகலாபுரம் மலையடிவாரத்துப் புதர்க்காட்டிலும், ஆரணியாற்றுக் கரையிலும், பழவேற்காடு போகிற வழியில் உள்ள தோப்புகளிலும் இந்த மரங்கள் இருக்கின்றன. தைல மரமும் சீமைக்கருவேலும் இதற்குப் பிடித்தமான தீனி இல்லை. இதை மனதில் வைத்துக் கொள்ளுங்கள், பிறகு இதற்கு வேலை இருக்கிறது.

இனி பிறப்பிலிருந்து வருவோம்.

தாய்ப்பூச்சி ஒன்று 150 முதல் 250 முட்டை வரை இடும். பெரும்பகுதியை முதல் இரண்டு மூன்று ராத்திரியிலேயே இட்டுவிடும். முட்டை சுமார் 3 மில்லிமீட்டர், கேழ்வரகு மணியை விடப் பெரிது, கம்பு மணியளவு என்று சொல்லலாம். கொஞ்சம் தட்டையாக, இடுப்பைச் சுற்றி இரண்டு பழுப்புக் கோடு போட்டிருக்கும். இந்த அரைஞாணைப் பார்த்தவுடன் தெரிந்துவிடும். 8 முதல் 10 நாளில் புழு வெளியே வரும்.

வந்த புழு மங்கலான பழுப்பு மஞ்சளில், கருந்தலையோடு, ஒரு துணுக்கு நூல் மாதிரி கிடக்கும். எடை 10 மில்லிகிராம் கூட இராது. ஓரிரு நாளில் பச்சை நிறம் ஏற ஆரம்பிக்கும். அப்புறம் அதற்குத் தின்பது ஒன்றுதான் வேலை. உடம்பு பெருக்கப் பெருக்கத் தோல் பெருக்காது. ஆகவே பாம்பு சட்டை உரிக்கிற மாதிரி இதுவும் உரிக்கும். மொத்தம் நாலு முறை உரித்து ஐந்து பருவம் கடக்கும். உரிக்கிற சமயத்தில் ஒரு நாள், ஒன்றரை நாள் அசையாமல் இருக்கும். 'செத்துப்போச்சு' என்று நினைத்து எடுத்து எறிந்துவிடாதீர்கள்.

வெயில் காலத்தில் ஒரு மாதத்துக்குள் வளர்ச்சி முடிந்துவிடும். குளிர் காலத்தில் ஒன்றரை மாதம், இரண்டு மாதம் கூட இழுக்கும். முழுதாக வளர்ந்த புழு கிட்டத்தட்ட 13 சென்டிமீட்டர் நீளம், நம் நடுவிரலை விட நீளமும் கட்டை விரலை விடப் பருமனும் ஆகிவிடும். எடை 40, 50 கிராம். பிறந்ததிலிருந்து ஐயாயிரம் மடங்கு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 3 கிலோவில் பிறந்த பிள்ளை அந்த ரீதியில் வளர்ந்தால் 15 டன், ஒரு லாரிச் சுமை. தின்கிற இலையில் பெரும்பகுதியைக் கடைசி இரண்டு பருவத்தில்தான் தின்னும். அதனால்தான் நேற்று வரை கண்ணில் படாத புழு இன்றைக்குத் திடீரென்று எங்கிருந்தோ வந்த மாதிரி தெரியும்.

இந்தப் பெரிய பச்சைப் புழுவைப் பார்த்ததும் நம் ஜனங்களுக்கு முதலில் வருவது பயம். அடுத்தது மண்ணெண்ணெய்ப் பந்தம். பயத்துக்குக் காரணம் இருக்கிறது, நமக்குப் புழுவால் பட்ட நஷ்டம் கொஞ்சமா? ஆனால் எது பகை, எது பகை இல்லை என்று பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். அதற்கு அடையாளம் சொல்கிறேன், நிதானமாகக் கேளுங்கள்.

டசர் புழு இலைப்பச்சை. உடம்பு கணுக்கணுவாகப் பிரிந்திருக்கும். ஒவ்வொரு கணுவிலும் சின்னச் சின்ன முடிச்சு, முடிச்சில் நாலைந்து மயிர், அவ்வளவுதான். கம்பளி போர்த்திய மாதிரி இராது. பக்கவாட்டில் தலைமாட்டிலிருந்து கால்மாட்டுக்கு ஒரு மஞ்சள் கோடு ஓடும். அந்தப் பக்கத்து முடிச்சுகள் சிலவற்றின் அடியில் வெள்ளித்தகடு ஒட்டின மாதிரி பளபளக்கும் பொட்டு இருக்கும். வெயிலில் கிளையை லேசாகத் திருப்பினால் மின்னும். இந்த வெள்ளிப் பொட்டைப் பார்த்துவிட்டால் சந்தேகமே வேண்டாம். தலை பழுப்பு. கிளைக்கு அடிப்பக்கம் தலைகீழாகப் பிடித்துக் கொண்டிருக்கும். இலையோடு இலையாகத் தெரியும். மரத்தடியில் கிடக்கும் புழுக்கையைப் பார்த்துத்தான் பெரும்பாலும் மேலே புழு இருப்பதையே கண்டுபிடிக்க முடியும். நம் பிள்ளைகள் கையில் ஏறவிட்டாலும் கொட்டாது. காலால் நன்றாகப் பற்றிக் கொள்ளும், அவ்வளவுதான். பிடித்து இழுக்கக் கூடாது. இழுத்தால் அதன் கால் பிய்ந்துவிடும்.

எள்ளுச் செடியில் வருகிற கொம்புப் புழுவும் பச்சை, அதுவும் பெரிது. ஆனால் அதற்கு வால் பக்கத்தில் ஒரு கொம்பு இருக்கும், உடம்பில் சாய்வாக மஞ்சள் பட்டை போட்டிருக்கும். டசருக்குக் கொம்பே கிடையாது. முதலில் பின்பக்கத்தைப் பாருங்கள், பாதி வழக்கு அங்கேயே தீர்ந்துவிடும். ஆமணக்கில் வளைந்து வளைந்து, காவடி தூக்கின மாதிரி நடக்கிற புழு இன்னொன்று. அது வழவழவென்று இருக்கும், முடிச்சு கிடையாது. முருங்கை மரத்துத் தண்டில் கூட்டங்கூட்டமாக அப்பிக் கிடக்கிற கம்பளிப்பூச்சி எல்லாருக்கும் தெரியும், பட்டால் உடம்பு தடித்துவிடும். நிலக்கடலையைத் தின்கிற செங்கம்பளிப் புழு செம்பழுப்பு மயிரடர்ந்து, தரையோடு படை படையாகப் போகும். டசர் புழு ஒருபோதும் படையாக வராது. ஒரு மரத்தில் ஐந்தாறு இருந்தாலே அதிகம். நெல்லையோ கடலையையோ கத்தரியையோ அது தொடாது. மரத்தில் நாலு கிளை இலை போகும். அடுத்த மழைக்குத் துளிர்த்துவிடும். அதற்காக ஒரு குப்பி மருந்து வாங்கி அடிப்பது காசுக்கும் நஷ்டம், மரத்துக்கும் நஷ்டம்.

தின்று முடித்த புழு ஒரு நாள் வயிற்றைக் காலி பண்ணிவிட்டு, கூடு கட்ட இடம் தேடும். இந்த வேலையை ஒரு தடவையாவது உட்கார்ந்து பாருங்கள் ஐயா, நம் ஊர்க் கொத்தனார் தோற்றுப் போவார். முதலில் இரண்டு மூன்று இலையை நூலால் இழுத்துச் சேர்த்துத் தொட்டில் மாதிரி பண்ணிக் கொள்ளும். பிறகு அதிலிருந்து ஏறி வந்து, கிளையைச் சுற்றிச் சுற்றி நூலை விட்டு ஒரு வளையம் போடும். வளையத்திலிருந்து கீழே காம்பு. காம்பு உறுதியான பிறகுதான் தொட்டிலுக்குள் போய்க் கூட்டைக் கட்டும். இலை உதிர்ந்தால் கூடும் சேர்ந்து விழுந்துவிடுமே என்று அதற்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? இலையை நம்பாமல் கிளையில் முடிச்சுப் போட்டுக் கொள்கிறது. நாலைந்து நாள் வேலை. முடிவில் சுண்ணாம்புச் சத்துள்ள ஒரு திரவத்தை விட்டுக் கூட்டை உள்ளிருந்தே நனைக்கும். அது காய்ந்ததும் கூடு கெட்டிப்பட்டுவிடும். மழைத் தண்ணீர் இறங்காது, காக்கை கொத்தினாலும் சட்டென்று உடையாது.

எவ்வளவு உறுதி என்றால், சைக்ஸ் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி 1834-ல் தக்காணத்துக் காட்டுப்பட்டைப் பற்றி எழுதிய கட்டுரையில் ஒரு சங்கதி சொல்கிறார். அங்கே உள்ளவர்கள் இந்தக் கூட்டைச் சுற்றுச்சுற்றாக, ஆரஞ்சுப் பழத்தோல் உரிப்பது போல நீள வாராக அறுத்து, துப்பாக்கிக் குழாயைக் கட்டையோடு சேர்த்துக் கட்ட உபயோகித்தார்களாம். தோல்வாருக்குப் பதில் பட்டுக்கூட்டு வார்!

உள்ளே புழு கடைசியாக ஒரு தோல் உரித்துக் கூட்டுப்புழு ஆகும். கரும்பழுப்பு நிறம், கால் இல்லை, வாய் இல்லை, பேரீச்சங்கொட்டையைப் பெரிசாக்கின மாதிரி இருக்கும். இங்கேதான் இந்த ஜீவனின் கெட்டிக்காரத்தனம். மழைக் காலத்தில், மரத்தில் துளிர் இருக்கிற சமயத்தில் கட்டின கூடாக இருந்தால், சில வாரத்திலேயே பூச்சி வெளியே வந்து அடுத்த தலைமுறை ஆரம்பமாகும். மழை ஓய்ந்து இலை முற்றுகிற காலத்தில் கட்டின கூடானால் வெளியே வராது. வந்தால் குஞ்சுக்குத் தீனி இல்லை என்று அதற்குத் தெரியும். அப்படியே தூங்கும். ஒரு மாதம், இரண்டு மாதம் இல்லை, ஆறு மாதம் வரைக்கும் கூடத் தூங்கும். தை, மாசி, பங்குனி, சித்திரை என்று வெயிலைத் தாங்கிக் கொண்டு, மழை வந்து காற்றில் ஈரம் ஏறி மரம் துளிர்க்கிற நேரத்தில்தான் விழிக்கும். மத்திய இந்தியக் காடுகளில் ஆனி, ஆடியில் ஒரு முறை, அப்புறம் மழை முடிவதற்குள் இன்னொரு முறை என்று வருஷத்துக்கு இரண்டு தலைமுறை எடுப்பது வழக்கம். மூன்று எடுக்கிற வகையும் உண்டு.

இந்த நீண்ட தூக்கத்தில்தான் நம்மால் அதற்கு ஆபத்து. நாம் வேலி முள் வெட்டுவது எப்போது? அறுவடை முடிந்து, மரத்தில் இலை குறைந்து, வேலை ஓய்ந்திருக்கிற தை, மாசியில். கூடு தூங்குவதும் அதே தை, மாசியில். ஒரு மரத்து முள்ளை வெட்டிக் கொளுத்தினால், அந்தத் தோப்பின் அடுத்த வருஷத்துப் பூச்சி பூராவும் ஒரு மாலையில் போய்விடும். புழுவாக இருந்தாலாவது பத்துச் செத்தால் இருபது பிழைக்கும். தூங்குகிற கூடு என்பது விதைநெல். விதைநெல்லை வேக வைப்பவன் உண்டா?

தூக்கம் கலைந்த பூச்சி வெளியே வருவதைச் சொல்கிறேன். அவ்வளவு கெட்டியான கூட்டைக் கடிக்க அதற்குப் பல் கிடையாது. வாயிலிருந்து ஒரு நீரை விடும். அந்த நீர் பட்டதும் காம்பு இருக்கிற மேல்முனையில் பசை இளகும். நூலை அறுக்காமலே தலையால் முட்டி விலக்கிக் கொண்டு வெளியே வந்துவிடும். பெரும்பாலும் பொழுது சாய்ந்து இருட்டுகிற வேளையில் நடக்கும். வந்தவுடனே சிறகு நனைந்த துணி மாதிரி சுருங்கிக் கிடக்கும். கூட்டையே பிடித்துத் தொங்கிக் கொண்டு, கொஞ்ச நேரத்தில் சிறகில் நீர் ஏற்றி விரித்துக் காய வைக்கும். அந்த நேரத்தில் கை வைத்தால் சிறகு கோணிப்போய், பிறகு எப்போதும் பறக்காது.

விரித்த சிறகு 16 முதல் 18 சென்டிமீட்டர். பெரிய ஆள் கை விரித்தால் ஒரு ஜாண் அளவு வரும். ஆண் செங்கல் பொடி நிறம். பெண் மஞ்சள் கலந்த சாம்பல், ஆணை விடப் பெரியது, வயிறும் பருத்திருக்கும். நாலு சிறகிலும் நாலு கண். அது வெறும் வர்ணம் இல்லை. நடுவில் கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவும். அதன் பின்னால் விரலை வைத்தால் விரல் தெரியும். இந்தக் கண்ணாடி ஜன்னல்தான் டசர் பூச்சியின் முத்திரை. சந்தேகம் இருந்தால் மீசையைப் பாருங்கள். ஆணுக்குப் பறவை இறகு மாதிரி அகலமான மீசை, பெண்ணுக்கு ஒல்லி மீசை.

இதே அளவில் வெளிறின பச்சை நிறத்தில், பின்சிறகில் நீளமாக இரண்டு வால் தொங்க ஒரு பூச்சி வந்தால் அது வேறு. அதுவும் காட்டுப்பட்டு ஜாதிதான், ஒதிய மரத்து இலை தின்று வளரும். பார்க்க ரொம்ப அழகு. ஆனால் டசர் மாதிரி அதன் கூட்டில் நூல் எடுத்து நெசவு செய்வதில்லை.

டசர் பூச்சிக்கு வாய் இருந்தும் இல்லாத கணக்கு. ஒரு துளித் தேன் கூடக் குடிக்காது. புழுவாக இருந்தபோது தின்ற கொழுப்பை வைத்து ஒரு வாரம், பத்து நாள் ஓட்டும். அதற்குள் ஜோடி சேர்ந்து முட்டையிட்டாக வேண்டும். பெண் கூட்டை விட்டு அதிகம் நகராமல் உட்கார்ந்து ஒரு வாசனையை விடும். நம் மூக்குக்குத் தெரியாத வாசனை. வெகு தூரத்தில் இருக்கிற ஆண், அந்தப் பெரிய மீசையால் அதைப் பிடித்துக் கொண்டு இருட்டில் தேடி வரும். மறுநாள் மாலை முதல் பெண் முட்டை வைக்க ஆரம்பிக்கும்.

இந்த இருட்டுதான் இப்போது நம் வட்டாரத்தில் கிடைக்காத சரக்காகிவிட்டது. கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் ராத்திரி முழுக்க மூன்று ஷிப்டுக்கும் விளக்கு எரிகிறது. கல்கத்தா நெடுஞ்சாலையில் பெட்ரோல் பங்கு, சுங்கச்சாவடி, கிட்டங்கி எல்லாவற்றிலும் விளக்கு. இரவுப் பூச்சிக்கு வெளிச்சத்தைக் கண்டால் திசை தப்பிப் போகும். பெண்ணைத் தேடி வர வேண்டிய ஆண் விளக்கைச் சுற்றிச் சுற்றி, சிறகு கிழிந்து, விடியற்காலையில் சுவரோரம் கிடக்கும், மைனாவுக்குத் தீனி. பத்து நாள் ஆயுசு உள்ளதற்கு ஒரு ராத்திரி போவது நமக்கு ஒரு போகம் போவது மாதிரி. தொழிற்சாலையை மூடச் சொல்லவில்லை. நம் பிள்ளைகளே அங்கேதான் வேலைக்குப் போகிறார்கள். விளக்கைத் தரையைப் பார்த்துக் கவிழ்த்துப் போட்டால் வேலைக்கும் குறைவில்லை, பூச்சிக்கும் அத்தனை கெடுதல் இல்லை. அங்கே வேலை பார்க்கிறவர்கள் காலை ஷிப்டு முடிந்து வரும்போது சுவரில் உட்கார்ந்திருக்கும் பூச்சியை ஒரு அட்டையில் ஏற்றி, இருட்டான மரத்தடியில் விட்டுவிடலாம். அதற்கு ஒரு நிமிஷம் ஆகும்.

நிலக்கடலைக்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. முதல் மழைக்குப் பிறகு செங்கம்பளிப் புழுவின் தாய்ப்பூச்சியை அழிக்க விளக்குப் பொறி வைக்கிறோம், தீமூட்டம் போடுகிறோம். நல்ல முறை, விட வேண்டாம். ஆனால் டசர் பூச்சி வெளியே வருவதும் மழை பார்த்துத்தான். செங்கம்பளியின் தாய்ப்பூச்சி சிறியது, வெள்ளைச் சிறகு, முன்சிறகின் ஓரத்தில் மஞ்சள் கோடு. தீமூட்டத்தை விட விளக்குக்கு அடியில் தண்ணீர்த் தட்டு வைக்கிற பொறி மேல். ஏனென்றால் ஜாண் அகலப் பூச்சி வந்து விழுந்தால் எடுத்து அப்பால் விடலாம். தீயில் விழுந்ததை யாரும் எடுக்க முடியாது. பயிருக்கு மருந்து அடிக்கும்போதும் காற்று வரப்பு மரத்துப் பக்கம் வீசுகிறதா என்று பார்த்து அடியுங்கள்.

மனுஷன் போக அதற்கு வேறு எதிரிகளும் உண்டு. எறும்பும் குளவியும் இளம்புழுவைத் தூக்கும். நாவாய்ப்பூச்சி ஒன்று குத்தி உறிஞ்சும். ஊஜி ஈ புழுவின் மேல் முட்டை வைத்துவிடும். அதன் குஞ்சு உள்ளே போய்த் தின்று, கூட்டைத் துளைத்துக் கொண்டு வெளியே வரும். இவை தவிர பெப்ரின் என்ற நோய். வீட்டுப் பட்டுப்புழுவுக்கு வந்த இந்த நோயால் பிரான்ஸ் தேசமே பட்டுத்தொழிலை இழக்க இருந்தபோது, 1865 முதல் லூயி பாஸ்டர் ஆராய்ந்து, நோய் தாயிடமிருந்து முட்டைக்குப் போகிறது என்று காட்டினார். முட்டையிட்ட தாயை நசுக்கி, மைக்ராஸ்கோப்பில் பார்த்து, நோய் இருந்தால் முட்டையை அழித்துவிட வேண்டும் என்பது அவர் சொன்ன வழி. இன்று வரை டசர் வித்து முட்டை தயாரிக்கிற இடங்களிலும் அதுதான் முறை.

சரி, காசு? இந்தக் கேள்வியைக் கேட்காத விவசாயி விவசாயியே இல்லை.

ஒரு டசர் கூட்டில் அரைக் கிலோமீட்டருக்கு மேல் நூல் இருக்கிறது. தேன் நிறத்தில், சொரசொரப்பும் மினுமினுப்புமாக இருக்கும். சோடா உப்பு போட்டு அவித்தால் பசை இளகி நூல் வரும். ஜார்க்கண்ட், சத்தீஸ்கர், ஒடிசா, தெலங்கானாவின் மகாதேவ்பூர் பக்கம் ஆயிரக்கணக்கான மலைவாழ் குடும்பங்களுக்கு இது பிழைப்பு. பெண்கள் தொடையில் வைத்து உருட்டி நூல் எடுத்துத் தோல் தேய்ந்து போவார்கள். அதற்குப் பதிலாக இப்போது 'புனியாத்' என்ற சிறிய இயந்திரம் கொடுத்து வருகிறார்கள். இதற்கென்றே ராஞ்சியில் 1964-ல் மத்திய டசர் ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. தொழிலும் நேற்று வந்ததில்லை. ஹரப்பாவில் கிடைத்த செம்புக் கலப்பு நகைகளில் ஒட்டியிருந்த நூலைச் சோதித்து, அதில் டசர் இனத்து நூலும் உண்டு என்று 2009-ல் அறிவித்தார்கள். அது நாலாயிரம் வருஷத்துக்கு முந்திய நூல்.

ஆனால் ஒரு கிலோ நூலுக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட கூடு வேண்டும். நம் வரப்பு மரத்தில் ஐந்தும் ஆறும் தொங்குவதை வைத்துக் கணக்குப் போட்டால் கோவணத்துக்குக் கூடத் தேறாது. அங்கே மருது மரத்தைத் தோப்பாக நெருக்கி நட்டு, சோதித்த முட்டை வாங்கி, காக்கை ஓட்ட ஆள் போட்டுச் செய்கிறார்கள். ஆகவே 'டசர் வளர்த்தால் லட்சம் லட்சமாகக் கொட்டும், முட்டை தருகிறேன்' என்று யாராவது உங்கள் வாசலுக்கு வந்தால், ஒரு ரூபாய் கூட முன்பணம் கொடுக்காதீர்கள். பட்டில் நிஜமாகவே ஆசை இருந்தால் நம் மாநிலத்தில் மல்பெரி இருக்கிறது, ஆமணக்கு இலையும் மரவள்ளி இலையும் தின்கிற எரிப் பட்டு இருக்கிறது. தண்ணீர் குறைந்த மேட்டாங்காட்டுக்கு எரி ஏற்றது. பட்டு வளர்ச்சித் துறை அலுவலகத்தில் நேரில் விசாரித்துவிட்டு இறங்குங்கள்.

வரப்பு மரத்து டசர் நமக்குக் காசு தராது. அதை வைத்திருப்பதற்குச் செலவும் கிடையாது. வீட்டு மனைக்கும் கம்பெனிக்கும் நிலம் போகப் போக, எஞ்சிய இடத்தில் தைல மரம் ஏறுகிறது, தரிசில் சீமைக்கருவேல் ஏறுகிறது. இலந்தையும் நாவலும் களாவும் இருக்கிற வரப்பு குறைந்து கொண்டே போகிறது. இருக்கிற நாலு மரத்தை விட்டு வைக்கிறதும், முள் வெட்டுகிறபோது ஒரு கண் பார்த்துக் கொள்கிறதும்தான் நான் கேட்பது.

முள் வெட்டும்போது கூடு அகப்பட்டால் காம்பைப் பிடித்து இழுக்காதீர்கள், வளையம் கழலாது. அந்தக் குச்சியோடு சேர்த்து ஒரு ஜாண் நீளத்துக்கு வெட்டி எடுங்கள். கூட்டைச் சுற்றிப் பாருங்கள். காம்புப் பக்க முனையில் நூல் விலகி, ஓரம் மெத்தென்று இருக்கும் ஓட்டை இருந்தால், பூச்சி நல்லபடியாக வெளியேறிவிட்டது. வெறுங்கூடு, பிள்ளைகளிடம் கொடுத்துவிடலாம். பக்கத்தில் ஆணி அடித்த மாதிரி சின்ன வட்ட ஓட்டை இருந்தால் ஈயோ குளவியோ தின்றுவிட்டுப் போயிருக்கிறது. ஓட்டையே இல்லாவிட்டால் காதோரம் வைத்து மெல்ல ஆட்டுங்கள். லேசாக, உலர்ந்த கொட்டை மாதிரி கடகடவென்றால் உள்ளே செத்துவிட்டது. கனமாக, 'தொப்' என்று அசைந்தால் உயிர் இருக்கிறது. அதை வெயில் நேராகப் படாத, எறும்பு ஏறாத வேறொரு இலந்தைக் கிளையிலோ நாவல் கிளையிலோ, கூடு கீழே தொங்குகிற மாதிரி குச்சியை வைத்துக் கட்டிவிடுங்கள். மழை விழுந்து மரம் துளிர்க்க ஆரம்பித்த பிறகு, மாலையில் போய்ப் பாருங்கள். கூட்டின் மேல்முனை ஈரமாக இருந்தால், அன்றைக்கு ராத்திரி பூச்சி வரும்.